பழைய மிலிட்டரி பேப்பரைத் தூக்கிப் போட்டுடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெண்டாம் உலகப்போர்ல உயிரை விட்ட நம்ம ஊர் சிப்பாய்களைப் பத்தி நீங்க போட்டிருந்த கட்டுரையைப் படிச்சேன். கீழ்ஒட்டிவாக்கம் சுபேதார் சுப்பிரமணியனைப் பத்தின பகுதியை ரெண்டு தடவ படிச்சேன். 1944 ஜூன் 24ம் தேதி, இத்தாலியில கண்ணிவெடி எடுக்குறப்ப, கூட இருந்தவங்களைக் காப்பாத்த வெடி மேலயே விழுந்து செத்தவர், பிரிட்டிஷ் அரசோட பெரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தாங்க. அவரைப் பத்தி எத்தனை தடவ எழுதினாலும் தகும். ஆனா எனக்கு ஒரு கேள்வி இருக்கு, திரும்பி வந்தாங்களே, அவங்களை யார் எழுதுறது?

எங்க வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல ஒரு கல்வெட்டு இருக்கு. முதல் உலகப்போருக்கு இங்கேர்ந்து 277 பேர் போனாங்க, அதுல 14 பேர் உயிரைக் கொடுத்தாங்கன்னு போட்டிருக்கும். காய்கறிப் பையோட அந்தப் பக்கம் போறப்பல்லாம் எனக்கு மிச்சம் 263 பேர் தான் ஞாபகம் வரும். ரெண்டாவது போர்லயும் இதே கதை தான். இந்தியப் படையில 25 லட்சம் பேர் இருந்தாங்க, செத்தது 87 ஆயிரத்துக்கு மேல. செத்தவங்க பேரை காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் வெச்சிருக்கு, நீங்க பேரைப் போட்டுத் தேடினா எந்த ஊர்ல எந்தக் கல்லுல இருக்குன்னு சொல்லிடும். உயிரோட வந்தவரை அதுல தேட முடியாது. எங்க அப்பா அப்படி வந்தவர். 1941ல பெங்களூர் போய், ரோடு போடுற, கண்ணிவெடி எடுக்குற பட்டாளப் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ்ல சேர்ந்தார், 46ல டிஸ்சார்ஜ் ஆகி வந்து மேஸ்திரி வேலை பார்த்தார், 89ல இறந்துட்டார்.

நான் தபால் ஆபீஸ்ல 34 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. சரித்திரம் படிச்சவ கிடையாது. அம்மா போனப்புறம் ட்ரங்குப் பொட்டியைத் திறந்தா அடியில ராமபாணப் பூச்சி அரிச்ச டிஸ்சார்ஜ் புக், துணியில முடிஞ்ச நாலு மெடல், பாட்டிக்கு அப்பா எழுதின மூணு லெட்டர், ஒரு போட்டோ, அவ்ளோதான். அந்தப் புக்குல, சேர்ந்தப்ப குறிச்ச அடையாளக்குறிங்கிற இடத்துல இடது முழங்கால்ல தழும்புன்னு எழுதியிருக்கு. சின்ன வயசுல அந்தத் தழும்பைத் தொட்டுத் தொட்டு பார்த்திருக்கேன், குண்டு பட்டதுன்னு நாங்களே முடிவு பண்ணி ஸ்கூல்ல எல்லாம் சொல்லி வெச்சிருந்தோம். பட்டாளத்துல சேர்ந்த அன்னிக்கே அது இருந்திருக்கு.

இன்னொண்ணும் அப்படித்தான். அப்பா எகிப்து பாலைவனத்துல ஜெர்மன் ஜெனரல் ரொம்மலோட படையை எதிர்த்து சண்டை போட்டார்னு எங்க வீட்டுல எல்லாரும் நம்பிக்கிட்டிருந்தோம். மெடலைப் பார்த்தா 1939-45 ஸ்டார், இத்தாலி ஸ்டார், டிஃபென்ஸ் மெடல், வார் மெடல் இருக்கு, ஆப்பிரிக்கா ஸ்டார் இல்ல. வட ஆப்பிரிக்காவுல 1943 மே 12க்குள்ள இருந்தவங்களுக்குத் தான் அது. அப்ப அந்தச் சண்டை நடந்தப்ப இவர் அங்க இருந்திருக்க முடியாது. இதைச் சொன்னதும் எங்க அண்ணன் ஒரு மாசம் என்கிட்ட சரியா பேசல, அப்பாவைப் பொய்யர்னு சொல்றியான்னு கேட்டார். அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லண்ணே, நாம தான் சொல்லிக்கிட்டோம்னேன்.

லெட்டர்ல ஊர் பேர் எழுதக் கூடாது, சென்சார் பார்ப்பாங்க. மூணு லெட்டர்லயும் நலம், நலமறிய ஆவல், இங்க குளிர் ஜாஸ்தி, தம்பியைப் படிக்க வைங்க, இவ்ளோதான். ரெண்டு வரியில கறுப்பு மை பூசியிருக்கு. ஆனா 34 வருஷம் முத்திரை குத்தின கை இல்லையா, எனக்கு லெட்டரை விட கவர் மேல தான் கண்ணு போச்சு. பட்டாளத்தோட கூடவே போற ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் முத்திரையில ஊர் இருக்காது, நம்பரும் தேதியும் மட்டும் இருக்கும். எந்த நம்பர் எந்தத் தேதியில எந்த ஊர்ல இருந்துச்சுன்னு ஸ்டாம்ப் சேர்க்குறவங்க லிஸ்ட்டே போட்டு வெச்சிருக்காங்க. அப்படித்தான் ஒரு லெட்டர் 44 பிப்ரவரியில இத்தாலியில காஸினோ பக்கத்துலேர்ந்து வந்ததுன்னு புடிச்சேன். அனுப்புநர் முகவரியில 12 ஃபீல்டு கம்பெனின்னு அப்பா கையெழுத்துலயே இருந்துச்சு, அது 4வது இந்திய டிவிஷனைச் சேர்ந்தது.

லண்டன்ல இருக்குற என் தம்பி பையன் அங்க கியூங்கிற இடத்துல இருக்குற ஆவணக் காப்பகத்துக்குப் போய் கம்பெனியோட வார் டைரியை போட்டோ எடுத்து அனுப்பினான். அன்னன்னிக்கு என்ன வேலைன்னு டைப் அடிச்ச தாளு. அதுல ஆபீசர் பேர் இருக்கும், சிப்பாய் பேர் இருக்காது, ஐ.ஓ.ஆர் ரெண்டு பேர் காயம்னு போகும். இந்தியன் அதர் ரேங்க்ஸ்னு அர்த்தம். எங்க அப்பா அந்த மூணு எழுத்துக்குள்ள தான் எங்கயோ இருக்கார். ஆனா அந்த டிவிஷன் சாப்பர்கள் காஸினோ மலையில கோவேறு கழுதை போற தடத்தை வெட்டி அகலமாக்கிட்டே போனாங்க, அதையே அப்புறம் டாங்க் ஏறுற அளவுக்கு ரோடாக்கினாங்க, பேரு கேவண்டிஷ் ரோடு.

அப்பா எங்களுக்கு ஒரு கதை சொல்வார். மலை உச்சியில பெரிய மாதா கோயில், ஒரு நாள் காலையில வரிசையா ஏரோப்ளேன் வந்து குண்டு போட்டு இடிச்சுது, நாங்க கீழேர்ந்து பார்த்தோம், சாமி இருக்குற இடம்மா அதுன்னு சொல்லி நிறுத்திடுவார். நாங்க ஏதோ கதைன்னு கேட்டுட்டு தூங்கிடுவோம். 1944 பிப்ரவரி 15, மான்டே காஸினோ மடம். அறுபது வயசு தாண்டி அந்தத் தேதியைப் படிச்சப்ப தான் அவர் பார்த்ததைத் தான் சொன்னார்னு புரிஞ்சு உக்காந்து அழுதேன்.

சர்வீஸ் ரெக்கார்டு கேட்டு ஒரு ஆபீஸுக்கு நாலு தடவ எழுதினேன். பென்ஷன் இல்லாதவங்க ஃபைலை வெச்சிருக்க வேண்டிய காலம் முடிஞ்சதும் அழிச்சிட்டோம்னு ரெண்டு வரியில பதில் வந்துச்சு. போருக்காக எடுத்து போர் முடிஞ்சதும் அனுப்பின ஆளுங்க, பென்ஷன் வர்ற அளவுக்கு சர்வீஸ் எப்படி இருக்கும்? அந்த மாதிரி தான் லட்சக்கணக்குல இருந்தாங்க. மிச்சம் இருக்குற ஃபைலையாவது ஸ்கேன் பண்ணிட்டு அழிங்கன்னு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கறேன்.

ஆபீஸ்ல இல்லன்னா அப்புறம் வீட்டுப் பரண்ல தான் இருக்கும். வடாற்காடு, சேலம் பக்கம் எல்லாம் வீட்டுக்கு ஒருத்தர்னு போன ஊருங்க இருக்கு. தாத்தாவோட டிஸ்சார்ஜ் புக்கைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீங்க. மெடலைத் திருப்பிப் பாருங்க, எங்க அப்பா மெடல்ல பட்டாள நம்பரும் பேரும் பொறிச்சிருக்கு, அந்த நம்பர் தான் எல்லாத்துக்கும் ஆரம்பம். கவரைக் கிழிச்சு ஸ்டாம்ப்பை மட்டும் எடுக்காதீங்க.

போட்டோ காப்பி ஒண்ணு இதோட வெச்சிருக்கேன். பின்னாடி இருக்குற ஸ்டுடியோ முத்திரையை ரஷ்யன்னு நினைச்சிட்டிருந்தேன், கிரேக்க எழுத்தாம், சலோனிக்கா ஊராம். 44 கடைசியில 4வது டிவிஷன் கிரீஸுக்குப் போச்சு, அப்ப எடுத்தது. நடுவுல உக்காந்திருக்கறது எங்க அப்பா. ரெண்டு பக்கமும் நிக்கிற ரெண்டு பேர் யாருன்னு தெரியல, வலது பக்கம் இருக்கறவர் கையில ஒரு கிரேக்கக் குழந்தை இருக்கு. இடம் இருந்தா போட்டோவைப் பெருசா போடுங்க, அவங்க வீட்டுல யாராவது பார்த்தா எனக்கு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு சாப்பரோட மக,
வேலூர்