பக்கத்து ஏரியாவுல கத்துக்கிட்டது நமக்கு ஏன் வந்து சேரல? சுகாதார மேனேஜர்களுக்கு ஒரு திறந்த மடல்

உள்ளூர் பொது சுகாதார சேவையை நடத்துற மேனேஜர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் 22 வருஷம் தடுப்பூசி வேலையில சூப்பர்வைசரா இருந்துட்டு ரிட்டயர் ஆனவன். உங்க மேசையில எவ்வளவு ஃபைல் குவிஞ்சு கிடக்கும்னு கண்ணால பார்த்தவன், அதனால கோவத்துல எழுதல. ஒரு விஷயம் ரொம்ப நாளா மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு, சொல்லிடறேன்.

நம்ம டிபார்ட்மெண்ட்ல மேல இருந்து சர்க்குலர் வரும், கீழ இருந்து ரிப்போர்ட் போகும். பக்கத்து ஏரியாவுல இருந்து மட்டும் ஒண்ணும் வராது.

கேம்ப்புக்கு தடுப்பூசி எடுத்துட்டுப் போற பெட்டியில ஐஸ் பேக்கை ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கையோட அடுக்கக் கூடாது. கொஞ்ச நேரம் வெளிய வச்சு, காதுகிட்ட கொண்டுபோய் ஆட்டிப் பார்க்கணும், உள்ள தண்ணி லேசா அலம்புற சத்தம் கேட்கணும், அப்புறம்தான் அடுக்கணும். இல்லன்னா 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்க வேண்டிய மருந்து உறைஞ்சு போயிடும், ஹெபடைடிஸ் பி, அஞ்சு நோய்க்கு ஒரே ஊசியா போடுற பெண்டாவேலண்ட் மாதிரி மருந்து ஒரு தடவை உறைஞ்சா அப்புறம் உருகினாலும் பிரயோஜனம் இல்ல. மருந்து சூட்டுல கெட்டுச்சான்னு காட்ட குப்பி மேல ஒட்டியிருக்கிற சின்ன சதுரம் சூடு பட்டா நிறம் மாறும், உறைஞ்சு போனதைக் காட்டவே காட்டாது. இதெல்லாம் மேனுவல்ல இருக்கு, நானும் படிச்சேன், பரீட்சையிலயும் எழுதினேன். ஆனா எனக்கு உண்மையில புரிஞ்சது ஒரு சீனியர் நர்ஸ் அந்த பேக்கை என் காதுல வச்சு ஆட்டி "கேட்குதா?"ன்னு கேட்டப்பதான். "இல்லக்கா"ன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஆட்டுனாங்க, கேட்டுச்சு. அன்னைக்கு கத்துக்கிட்டதை கடைசி வரைக்கும் மறக்கல.

அந்த அக்கா ரிட்டயர் ஆகி சில மாசத்துல, புதுசா வந்த ஒரு பொண்ணு மாசாந்திர மீட்டிங்ல தானா எழுந்து "குப்பி உறைஞ்சு போச்சு சார், என்ன தப்பு பண்ணேன்னு தெரியல"ன்னு சொல்லுச்சு. மறுநாளே விளக்கம் கேட்டு மெமோ. அதுக்கப்புறம் நான் இருந்த வரைக்கும் அந்த ஆபீஸ்ல ஒரு மீட்டிங்லயும் உறைஞ்ச குப்பின்னு ஒரு வார்த்தை வரல. குப்பி உறையறது நின்னுச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? நம்ம ரிப்போர்ட்டும் அந்த சதுரம் மாதிரிதான் சார், ஒரு வகை கெடுதலைத்தான் காட்டும்.

இன்னொண்ணு. ஒரு மேனேஜர் தன் ஏரியாவுல அம்மாக்கள் வேலைக்குப் போயிடறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு கேம்ப்பை சாயங்காலத்துக்கு மாத்தினாங்க. நம்பர் ஏறிச்சு, ரிவ்யூல கைதட்டினாங்க, ஸ்லைடு மாறிடுச்சு. எப்படி ஏறிச்சுன்னு ஒருத்தரும் கேட்கல. பக்கத்து ஏரியாவுலயும் அதே பிரச்சனை, அவங்க அதே வழியை கண்டுபிடிக்க இன்னும் மூணு வருஷம் ஆச்சு. அந்த மூணு வருஷத்துல ஊசி தவறின குழந்தைங்களை நினைச்சா எனக்கு இன்னும் வலிக்குது.

இது முடியாத காரியம் இல்ல, நம்ம துறையே ஒரு காலத்துல பண்ணியிருக்கு. 1966 டிசம்பர்ல கிழக்கு நைஜீரியாவுல பெரியம்மை வந்தப்ப எல்லாருக்கும் போட மருந்து பத்தல, அங்க இருந்த டாக்டர் வில்லியம் ஃபேகி சுத்துவட்டார மிஷனரிகளை ரேடியோவுல கூப்பிட்டு ஆளுக்கொரு பகுதியா பிரிச்சுக் கொடுத்து எந்தெந்த ஊர்ல நோய் இருக்குன்னு பார்த்துட்டு வரச் சொன்னார், அந்த ஊர்லயும் நோய் பரவக்கூடிய இடத்துலயும் மட்டும் தேடிப்போய் போட்டாங்க, நோய் அடங்கிடுச்சு. பற்றாக்குறையில ஒரு மூலையில பிறந்த அந்த வழி மத்த நாடுகளுக்கும் போச்சு. இந்தியாவுல வீடு வீடா தேடின 1973-75 காலத்துல மாசாமாசம் ஃபீல்டு ஆளுங்களை உட்கார வச்சு எது பலிச்சது எது பலிக்கலன்னு பேசி அடுத்த மாச வேலையையே மாத்திக்கிட்டாங்க. 1980 மே மாசம் பெரியம்மை ஒழிஞ்சதுன்னு உலகத்துக்கே அறிவிச்சாங்க. மருந்தும் ஊசியும் முக்கியம்தான், ஆனா ஒரு இடத்துல தெரிஞ்சது அடுத்த இடத்துக்கு சீக்கிரம் போச்சு பாருங்க, அது இல்லாம நடந்திருக்காது.

இப்ப நம்மகிட்ட வாட்ஸ்அப் குரூப் இருக்கு. அதுல ஆர்டர் வருது, கேம்ப் போட்டோ வருது, அதுக்குக் கீழ நூறு கும்பிடு. "எனக்கு இது புரியல, உங்க ஏரியாவுல எப்படி பண்றீங்க"ன்னு கேட்டு ஒரு மெசேஜ் நான் பார்த்தது ரொம்ப அபூர்வம். மேலதிகாரி இருக்கிற குரூப்ல யாரு சார் கேட்பாங்க?

அதனால உங்ககிட்ட கேட்கிறது பெருசா ஒண்ணுமில்ல, இதுக்கு தனி பட்ஜெட் வேணாம், புது சாஃப்ட்வேர் வேணவே வேணாம். ரிவ்யூல நம்பர் ஏறினாலும் இறங்கினாலும் "என்ன மாத்தினீங்க?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க, பதிலை மினிட்ஸ்ல எழுத வைங்க. மாசம் ஒரு நாள் உங்க ஆளு ரெண்டு பேர் பக்கத்து ஏரியாவுக்குப் போய் கூடவே நின்னு வேலை பார்த்துட்டு வரட்டும், இன்ஸ்பெக்‌ஷனா போகக் கூடாது, நோட் போட்டு குறை எழுதக் கூடாது. ரிட்டயர் ஆகப் போறவங்க கடைசி மாசம் சாவியையும் ஸ்டாக் ரெஜிஸ்டரையும் மட்டும் ஒப்படைச்சுட்டுப் போக விடாதீங்க, புதுசா வர்றவங்களை அந்த ஒரு மாசம் அவங்க பக்கத்துல நிக்க வைங்க. தப்பை தானா வந்து சொன்னவங்களுக்கு மெமோ கிடையாதுன்னு வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, அதுக்கு முதல் மீட்டிங்ல நீங்களே உங்க தப்பு ஒண்ணை எழுந்து நின்னு சொல்லணும்.

மெமோ வாங்கின அந்த பொண்ணு இப்ப சீனியர் ஆகியிருக்கும். அந்த மாதிரி ஒருத்தர் உங்க ஆபீஸ்லயும் இருப்பாங்க, அடுத்த மீட்டிங்ல முதல்ல அவங்களை பேசச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு ஓய்வுபெற்ற தடுப்பூசி சூப்பர்வைசர்