எட்டு மூங்கில்

பினாங்கு

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மருமகன் ஈப்போவுக்கே வேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று படித்ததும் எனக்கே நிம்மதியாக இருந்தது. இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. பிடித்துக்கொண்டு மாடி ஏறுகிறார்.

போன சனிக்கிழமை மகளோடு உட்கார்ந்து 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தை மறுபடியும் பார்த்தேன். 2018-இல் அது வந்தபோது, "சிங்கப்பூர்ப் பணக்காரர் கதை, நமக்கென்ன" என்று நீ சொன்னாய். கதைதான் சிங்கப்பூர், சுமதி. முக்கியமான இடங்கள் நம்முடையவை. கதாநாயகன் நிக்கின் பாட்டியுடைய மாளிகை கோலாலம்பூரில் லேக் கார்டன் பக்கம் இருக்கும் கார்கோசா ஸ்ரீ நெகாரா. வெள்ளைக்கார அதிகாரி சுவெட்டன்ஹாமுக்காகக் கட்டிய வீடு, பிறகு ஹோட்டலானது. 2017-இல் படக்குழு வந்தபோது ஹோட்டலையும் மூடியிருந்தார்கள். ஆளில்லாமல் கிடந்த அந்தக் கட்டடத்துக்குத்தான் அத்தனை விளக்கும் பூவும்!

மாஜோங், அதுதான் சீனர்கள் காய் அடுக்கி ஆடும் ஆட்டம், அந்தக் காட்சியை எடுத்தது நம் லீத் ஸ்திரீட் நீல மாளிகையில். பள்ளி விட்டு அந்த வழியாக நடந்து வருவோமே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது சாயம் போய், உள்ளே பல குடும்பங்கள் ஒண்டியிருந்த வீடு. அதை வாங்கிப் புதுப்பிக்கத் தொடங்கியதே நாம் பள்ளியை விட்ட பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிப் பார்த்தேன். 38 அறைகள், 220 சன்னல்கள். சுவரின் நீலம் அவுரிச் சாயமாம், அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்ததாம். அதைக் கேட்டதும் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.

அந்தக் காட்சி மூல நாவலில் கிடையாது, படத்துக்காக எழுதியது. முதல் தடவை எனக்கு அது பாதிகூடப் புரியவில்லை. இந்த முறை பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி வந்து விளக்கினார். நிக்கின் காதலி ரேச்சல் எடுக்கும் 'எட்டு மூங்கில்' என்ற காய் அவளுக்கும் வெற்றி தரும், எதிரே இருக்கும் நிக்கின் அம்மாவுக்கும் தரும். அவள் தெரிந்தே அதை அந்த அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கிறாள். அந்த அம்மா ஜெயித்த பிறகு ரேச்சல் தன் கையிலிருந்த காய்களைத் திருப்பிக் காட்டுகிறாள். விஷயம் தெரிந்து பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியாராகப் போகிறவரிடம் இத்தனை மரியாதையோடு யார் சண்டை போட்டிருக்கிறார்கள்?

அப்புறம் அந்த மரகத மோதிரம். நிக்கின் அம்மாவாக நடித்த மிஷல் யோ உங்கள் ஈப்போக்காரர்தானே. அந்த மோதிரம் அவருடைய சொந்த மோதிரம்! கதையில் அந்த அம்மாவின் மாமியார் குடும்ப மோதிரத்தைக் கொடுக்க மறுத்ததால் கணவர் தனியாகச் செய்து போட்டது அது. கடைசியில் நிக் அதையே ரேச்சலிடம் நீட்டும்போதுதான் அம்மா சம்மதித்துவிட்டார் என்று நமக்குத் தெரிகிறது. ஒரு வார்த்தை பேச்சு இல்லை.

இன்னொன்று உனக்குப் பிடிக்கும். கடைசியில் வரும் 'யெல்லோ' பாட்டைக் கொடுக்க கோல்ட்பிளே இசைக்குழு முதலில் மறுத்துவிட்டது. இயக்குநர் ஜான் எம். சூ உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். யெல்லோ, அதாவது மஞ்சள், என்ற அந்த நிறத்தின் பெயரைச் சொல்லித் தன் இனத்தாரை இழிவாகப் பேசுவார்கள், இந்தப் பாட்டு வந்த பிறகுதான் அந்தச் சொல் தனக்கு அழகானது என்று. படித்ததும் சம்மதித்துவிட்டார்கள்.

ஒரு வருத்தம் மட்டும் உண்டு. தமிழும் ஆட்சிமொழியாக இருக்கிற ஊர்க் கதையில் நம் பக்கத்து முகம் என்று மனதில் நிற்பது, தலைப்பாகையோடு வாசலில் நிற்கும் காவலர்கள்தான். மகளும் அதையேதான் கேட்டாள்.

பள்ளி விடுமுறைக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு வா. லீத் ஸ்திரீட்டில் பழையபடி நடந்து போவோம், இந்தத் தடவை உள்ளேயும் போகலாம். ஆண்ட்டியும் மாஜோங் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆட நான்கு பேர் வேண்டும், உன்னையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஜெயந்தி