'ஃபர்ஸ்ட் காப்பி' வாட்சும் பில்லில் இல்லாத மெஷின் எண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விலை உயர்ந்த சுவிஸ் வாட்சுகளின் போலிகள் 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி' என்ற பெயர்களில் வாட்ஸ்அப் வழியாகத் தாராளமாக விற்கப்படுகின்றன. வாங்குகிறவர் டயலையும் செயினையும் பார்க்கிறார். பின்மூடியைத் திறக்கும் நாளில்தான் உள்ளே என்ன மெஷின் இருக்கிறது என்ற கேள்வி வருகிறது. விற்றவரிடம் அதற்குப் பதில் இருப்பதில்லை. பழுது பார்ப்பதில் உள்ள சிக்கலெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள ரோலெக்ஸ் டேடோனாவை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டில் வந்த அதன் 4130 மெஷினுக்கு 44 கல் (தேய்மானத்தைக் குறைக்கும் மாணிக்கக் கற்கள்), மணிக்கு 28,800 துடிப்பு. முழுச் சாவி ஏறியிருந்தால் 72 மணி நேரம் ஓடும். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சின்ன நொடிமுள் டயலில் 6ஆம் எண்ணுக்கு மேலே அமையும்படியே அது வடிவமைக்கப்பட்டது. போலிகளில் வெகுகாலம் போடப்பட்டது வால்ஜூ 7750 என்ற சுவிஸ் ஸ்டாப்வாட்ச் மெஷினின் சீன நகல். 7750இல் அந்த நொடிமுள் இருப்பது 9ஆம் எண் பக்கம். அதை 6க்குக் கொண்டுவர, மெஷினில் முதலில் இல்லாத பல்சக்கரங்களைக் கூடுதலாகச் செருகுகிறார்கள். இருபுறமும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலுக்குப் போய்ச் சேர வேண்டிய விசையில் ஒரு பங்கு இந்தச் சக்கரங்களைச் சுழற்றவே செலவாகிறது. எண்ணெய் வற்றியதும் அச்சு முனைகள் தேயும். அவை உட்காரும் துளையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பசை படியும். நல்ல நிலையில் உள்ள மெஷின், முழுச் சாவியில் டயல் மேல்நோக்கி இருக்கும்போது டைம்கிராஃபர் என்ற சோதனைக் கருவியில் பேலன்ஸ் வீலின் ஆட்டம் 270 முதல் 300 பாகை வரை காட்ட வேண்டும். அது 200க்குக் கீழே இறங்கிவிட்டால், ஸ்டாப்வாட்ச் பொத்தானை அழுத்திய சிறிது நேரத்திலேயே வாட்ச் நின்றுவிடவும் கூடும். தேய்ந்த அந்தக் கூடுதல் சக்கரத்துக்கு எந்தப் பட்டியலிலும் உதிரி எண் கிடையாது. பழைய 7750 உதிரிகளிலும் அது இருக்காது, ஏனென்றால் 7750இல் அப்படி ஒரு சக்கரமே இல்லை. இன்னும் மலிவான போலிகளில் பெரிய டயலுக்குள் இருக்கும் சின்ன டயல்கள் ஸ்டாப்வாட்சே அல்ல. கிழமையையும் தேதியையும் காட்டிக்கொண்டிருக்கும்.

மூன்று முள் வாட்சுகளின் மலிவுப் போலிகளில் அதிகம் வருவது டி.ஜி. 2813 என்ற சீன மெஷின்: 21 கல், 21,600 துடிப்பு. ரோலெக்ஸின் இன்றைய அசல் சப்மரைனர் வாட்சில் துடிப்பு 28,800. அதாவது அசலின் நொடிமுள் நொடிக்கு 8 முறை நகரும், இது 6 முறை. கைபேசியில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் படமெடுத்தால், முள்ளின் ஒவ்வொரு நகர்வுக்கும் அசலில் 30 ஃபிரேம், இதில் 40 ஃபிரேம் ஆகும். இன்றைய சப்மரைனர் என்று விற்கும் வாட்சில் 6 முறை நகர்ந்தால் போலி என்று உறுதியாகச் சொல்லலாம். 8 முறை நகர்வதை வைத்து அசல் என்று முடிவு செய்துவிடக் கூடாது, ஈ.டி.ஏ. 2824-2 என்ற சுவிஸ் மெஷினின் சீன நகல்களும் 28,800தான்.

அந்த 2824 நகல்களில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று. கையால் சாவி கொடுக்கும்போது உள்ளே இருக்கும் ரோட்டர் (கை அசைவில் சுழன்று தானாகச் சாவி ஏற்றும் எடை) விசிறிபோல் வேகமாகச் சுற்றும். ரோட்டர் எந்தப் பக்கம் சுழன்றாலும் சாவி ஏற வைக்கும் இரண்டு ரிவர்சிங் வீல்கள் அழுக்கேறி விடுபடாமல் பிடித்துக்கொள்வதுதான் காரணம். அப்படியே தொடர்ந்து சாவி கொடுத்தால் பற்கள் உடையும். அதில் சாதாரண எண்ணெய் விடுவது தவறு, இன்னும் இறுகும். சக்கரங்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, லூபெட்டா வி105 என்ற மசகுத் திரவத்தில் முக்கி, நன்றாக உலர்த்திப் பூட்ட வேண்டும்.

டி.ஜி. 2813 நின்றுவிட்டால் பிரித்து எண்ணெய் போடுவதைவிட மெஷினையே மாற்றுவது மலிவு. அதே வகை மெஷினைத்தான் போட வேண்டும். வேறு வகையைப் போட்டால் டயலின் அடியில் உள்ள இரண்டு கால்கள் துளைக்கு நேராக வராது. சிலர் கால்களை வெட்டிவிட்டு இருபக்க டேப்பில் டயலை ஒட்டிவிடுகிறார்கள். கோடை வெப்பத்தில் பசை இளகி டயல் நகர்ந்து முட்களில் உரசும். முட்களின் துளை அளவும் பொருந்த வேண்டும்: உதாரணமாக, 2824க்கு மணி முள் 1.50, நிமிட முள் 0.90, நொடிமுள் 0.25 மில்லிமீட்டர். நொடிமுள்ளின் துளை சற்றே பெரிதாக இருந்தாலும் ஒரு தட்டில் கழன்று கண்ணாடிக்குள் கிடக்கும்.

டயலில் '300 மீட்டர்' என்று அச்சிட்டிருப்பதை நம்பிப் போலியோடு குளத்தில் இறங்க வேண்டாம். முதலில் காற்றழுத்தக் கருவியில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே ஈரம் புகுந்திருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. 40 முதல் 45 டிகிரி சூடுள்ள தட்டில் வாட்சை இருபது நிமிடம் வைத்து, கண்ணாடி மேல் சாதாரணத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். உள்பக்கம் பனி படிந்தால் ஈரம் இருக்கிறது. அன்றே திறந்து உலர்த்த வேண்டும், துரு காத்திருக்காது.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, போலியின் பாகங்கள் அசல் வாட்சுக்குள் போவதுதான். ரோலெக்ஸ் தன் உதிரிகளை அங்கீகாரம் பெற்றவர்களுக்கு மட்டுமே தருகிறது. ரோலெக்ஸின் 3135 மெஷினின் சீன நகல் உருவத்தில் அசலை ஒத்திருப்பதால், அதன் சில பாகங்கள் அசலில் உட்கார்ந்துவிடும். டயலும் சாவித் திருகும் கண்ணாடியும்கூட இப்படியே மாறுகின்றன. வாட்ச் அன்றைக்கு ஓடும், வாடிக்கையாளரும் மகிழ்வார். பிறகு நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோனால், வெளிப் பாகம் இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள். இல்லையென்றால் அத்தனையையும் அசலாக மாற்றச் சொல்வார்கள். அப்பா வாங்கிப் பத்திரப்படுத்திய வாட்சுக்கு இப்படி நேர்வது பெரிய அநியாயம்.

போலியை விற்பதும், விற்பதற்காக வைத்திருப்பதும் 1999ஆம் ஆண்டின் வணிக முத்திரைச் சட்டத்தின் 104ஆம் பிரிவின்படி குற்றம்: ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் பழுதுக்குக் கொடுத்த வாட்சில் என்ன பாகம் மாறியது என்பதை வாடிக்கையாளர் தானே கேட்டால்தான் தெரியவரும். எனவே வாட்சைக் கொடுக்கும்போதே பின்மூடியைத் திறக்கச் சொல்லி மெஷினைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மெஷின் எண், மாற்றிய பாகம், அது அசலா வெளித்தயாரிப்பா என்ற மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைச் சிறு பையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். தொழிலில் உள்ள நாமும் வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் இதைச் செய்யலாம். ஒரு சிறு பையும் பில்லில் இரண்டு வரியும்தான் செலவு.

இப்படிக்கு,
கைக்கடிகாரப் பழுதுநீக்குநர் ஒருவர்,
சென்னை