டிஸ்சார்ஜ் அன்று மட்டும் கேட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போதை சிகிச்சை பற்றிப் பேசும்போதெல்லாம் எத்தனை பேர் குணமானார்கள் என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள். யார் மறுபடி போதையில் விழும் நிலையில் இருக்கிறார் என்று முன்கூட்டியே பார்ப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

என் தம்பி ஹெராயினை விட்டுவிட்டு வீடு திரும்பிய அன்று மையத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'இனி எடுக்கமாட்டேன் என்று எவ்வளவு நம்பிக்கை?' என்ற கேள்விக்கு 10க்கு 10 போட்டான். பொய் இல்லை, அன்றைக்கு அவன் மனசு அப்படித்தான் இருந்தது. ஆனால் பொருளும் கிடைக்காது, பழைய கூட்டாளிகளும் வரமுடியாது என்ற இடத்தில் உட்கார்ந்து போட்ட மார்க் அது. ஆறாவது வாரம் விழுந்தான். அதற்கு முன்பே ராத்திரி மூன்று மணிக்கு அவன் அறையில் விளக்கு எரியும், வாயைத் திறந்தாலே எரிந்து விழுவான், கவுன்சலர் கூப்பிட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், எங்களிடம் யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஹெராயின், சிகரெட், மது மூன்றையும் விட்டவர்களை வைத்து 1971லேயே ஹன்ட் என்ற ஆய்வாளரும் சகாக்களும், நாளாக நாளாக எத்தனை பேர் மறுபடி தொடாமல் இருக்கிறார்கள் என்று வரைந்த கோடுகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சரிகின்றன, பெரும்பாலோர் விழுவது முதல் 3 மாதத்துக்குள். அப்படியானால் அந்த 3 மாதமும் வாராவாரம் கேட்க வேண்டாமா? மறுபடி எடுக்கவேண்டும் என்ற ஏக்கம் 0 முதல் 10 வரை எவ்வளவு, தூக்கம் எப்படி, வீட்டில் சண்டை உண்டா, பழைய ஆட்களைப் பார்த்தாயா என்று ஐந்து நிமிடத்தில் கேட்டுவிடலாம். சிறுநீர்ப் பரிசோதனை, போதைப்பொருளை எடுத்த பிறகுதான் காட்டிக்கொடுக்கும், இந்தக் கேள்விகளோ அதை எடுப்பதற்கு முன்பே எச்சரிக்கலாம். ஒரு வார எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை, 2, 3 என்று இருந்தவன் திடீரென்று 6 என்றால் அதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, 8 என்று உண்மையைச் சொன்னவனைத் திட்டினாலோ மறுபடி அடைத்துவைத்தாலோ அடுத்த வாரம் அவன் 1 என்றுதான் சொல்வான். மறைத்துவிட்டுப் போய்ப் பழைய அளவையே எடுத்தால் உயிருக்கே ஆபத்து, விட்டிருந்த நாட்களில் உடம்பு அந்த அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். என் தம்பி பிழைத்தது அக்கம்பக்கத்தில் ஆள் இருந்ததால்தான்.

மையங்கள் இந்த வாராந்திரக் கேள்விகளை ஒரு படிவமாக வீட்டுக்கும் கொடுத்தனுப்பட்டும், எண் ஏறினால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் அக்கா