அழிக்கச் சொன்ன அரிசி

ஆசிரியருக்கு,

மனிதப் பாவனைக்கு உதவாத அரிசியை அழிக்கும்படி நீதவான் உத்தரவிட்டார் என்று செய்தி வரும். அதைப் புதைக்கும் கிடங்கை எவ்வளவு ஆழம் வெட்டினார்கள், சாக்குகள் என்னவாயின என்பது வராது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கைப்பற்றும் பொருளுக்கு 'அழிக்கவும்' என்ற ஒரு சொல் போதாது. இடம், முறை, யார் முன்னிலையில் என்பவையும் கட்டளையில் இருக்கவேண்டும்.

10 தொன் அரிசி என்றால் 50 கிலோ மூட்டை 200. கொட்டினால் ஏறக்குறைய 450 கன அடி வரும். பத்தடிக்குப் பத்தடி கிடங்கில் அரிசியே நாலரை அடி நிற்கும். மேலே மூன்றடி மண் போட ஏழரை அடி ஆழம் வேண்டும். கோடையில் பெக்கோ அதை அரை நாளில் வெட்டிவிடும். கார்த்திகையில் வன்னியின் பல காணிகளில் அந்த ஆழம் போகுமுன்னரே தண்ணீர் ஊறிவிடும். அப்போது இருபதுக்குப் பத்தாக அகட்டினால் ஐந்தேகால் அடி போதும். கிணற்றுக்கும் குளத்து நீரேந்து பகுதிக்கும் எட்டத்தில் உள்ள மேட்டுக் கிறவல் நிலமாகப் பார்க்கவேண்டும். அரிசி ஊறிப் புளித்துப் பின் தாழும் என்பதால், மண்ணை ஓரடி கூம்பலாக விடுவது நல்லது. இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அது தண்ணீர் தேங்கும் பள்ளம்.

மூட்டையோடு புதைப்பதுதான் பெரிய பிழை. பிளாஸ்ரிக் சாக்குக்குள் தானியம் சில காலம் கெடாமல் கிடக்கலாம். இரவில் தோண்டியெடுத்துத் தீட்டினால் மறுபடி கடைக்குப் போய்விடும். ஒவ்வொரு மூட்டையையும் கிழித்துக் கொட்டி, ஓரடிக்கு ஒரு தட்டுச் சாம்பலும் கரைத்த சாணியும் கலந்து, தண்ணீர் விடவேண்டும். சாக்குகளை எண்ணி வெட்டித் தனியே அகற்றுக. கழிவு ஒயில் ஊற்றும் பழக்கம் வேண்டாம். அது நிலத்தடி நீருக்குத்தான் போகும். எரிப்பதும் வீண். வெளிப்பக்கம் கருகும், நடுவில் அரிசி அப்படியே இருக்கும். குவியல் ஓரிரவு திறந்து கிடந்தாலும் கட்டாக்காலி மாடுகள் வந்துவிடும். வயிறுமுட்டத் தின்ற மாடு வயிற்றில் அமிலம் கூடிச் சாகும். யானைக்கும் வாசம் போதும்.

களஞ்சியத்தில் வண்டைக் கொல்ல நச்சுவாயு விடும் பொஸ்பைட் குளிசை வைத்திருந்தால் கதவைத் திறந்தவுடன் ஆட்களை உள்ளே விடக்கூடாது. முதலில் காற்றோட்டம். எஞ்சிய சாம்பல்நிறத் தூளில் ஈரம் பட்டாலும் நச்சுவாயு வரலாம்.

"கோழிக்காவது கொடுக்கலாமே" என்பார்கள். வண்டு மட்டும் என்றால், மிருக வைத்தியரின் கருத்தைப் பெற்று மன்றின் அனுமதியோடு யோசிக்கலாம். பூஞ்சணம் பிடித்ததைக் கொடுக்கவே கூடாது. அஃப்லாடொக்சின் நஞ்சு அவித்தாலும் முற்றாகப் போகாது. பசு தின்றால் பாலிலும் வரும்.

மீனும் மரக்கறியும் வேறு கதை. அவை வழக்கின் அடுத்த தவணைவரை நிற்கா. விரைவில் பழுதாகும் பொருளை விற்றுப் பணத்தை மன்றில் வைக்க, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இடமுண்டு. நல்ல நிலையில் உள்ளதை அன்றைக்கே ஏலம் விடக் கேட்கவேண்டும். கேட்காமல் விட்டு, நாறியபின் புதைப்பதால் யாருக்கும் பயனில்லை.

கடைசியாக, நிறை. நெல்லைப் பிடிக்கும்போது ஈரப்பதன் 20 வீதமாகவும் அழிக்கும்போது 14 வீதமாகவும் இருந்தால், 1,000 கிலோ 930 கிலோவாகத்தான் நிற்கும். இரண்டு நாளும் ஈரப்பதனை அளந்து நிறையோடு சேர்த்து எழுதி, பரிசோதகர், பொலிஸ், கிராம அலுவலர் மூவரும் ஒப்பமிடவேண்டும். எழுதாவிட்டால், காய்ந்துபோன அந்த 70 கிலோவுக்குக் களஞ்சியக் காவலாளிதான் கூண்டில் நின்று பதில் சொல்லவேண்டிவரும்.

வாசகர்,
மாங்குளம்.