கால்பந்து பிளாடரும் 8,320 மீட்டரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் எவரெஸ்ட் சிறப்புப் பக்கத்தில் 1924இல் மலையிலேயே மறைந்த மல்லோரி, இர்வின் பற்றியும், 1953இல் உச்சியை அடைந்த டென்சிங், ஹிலாரி பற்றியும் விரிவாக எழுதியிருந்தீர்கள். ஜார்ஜ் இங்கிள் ஃபின்ச்சின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. எவரெஸ்டில் ஆக்சிஜனை முதன்முதலில் முறையாகப் பயன்படுத்தி ஏறியவர் அவர்தான். அவரை விட்டுவிட்டதால், ஆக்சிஜன் சிலிண்டர் ஏதோ 1953இல் திடீரென்று வந்து சேர்ந்த வசதி என்ற எண்ணம் வாசகர்களுக்கு ஏற்பட்டுவிடும்.

ஃபின்ச் 1888இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பிறந்தவர். சூரிச்சில் வேதியியல் படித்தார். ஆல்ப்ஸில் வழிகாட்டிகள் இல்லாமலே ஏறிப் பழகினார். பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆசிரியரானார். 1921இல் புறப்பட்ட பிரிட்டிஷ் எவரெஸ்ட் பயணத்துக்கு உடல்தகுதி போதாது என்று அவரை ஒதுக்கினார்கள். 1922இல் சேர்த்துக்கொண்டபோது ஆக்சிஜன் கருவிகளின் பொறுப்பு அவரிடம் வந்தது.

அந்தக் கருவியை விவரித்தால்தான் அவர் செய்த வேலையின் அருமை புரியும். முதுகுச் சட்டத்தில் நான்கு எஃகு சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் 120 வளிமண்டல அழுத்தத்தில் 240 லிட்டர் ஆக்சிஜன். நிறைந்த சிலிண்டர் ஒன்றின் எடை சுமார் 2.6 கிலோ. சட்டம், குழாய்கள், அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு, அளவுமானிகள் எல்லாம் சேர்த்து முதுகில் ஏறும் சுமை சுமார் 14.5 கிலோ. மொத்தம் 960 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் திறந்தால் 8 மணி நேரம் வரும், 2.4 லிட்டர் வீதம் திறந்தால் 6 மணி 40 நிமிடம்.

நிமிடத்துக்கு 2 லிட்டர் என்பது அற்பமாகத் தெரியலாம். இந்தக் கணக்கு கடல்மட்ட அழுத்தத்தில் போட்டது. 8,300 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 36 சதவீதம்தான். அங்கே அதே 2 லிட்டர் விரிந்து ஐந்தரை லிட்டர் ஆகிவிடும். மூச்சிரைக்க ஏறும் ஒருவர் நிமிடத்துக்கு 50 லிட்டர் காற்றை இழுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், அதில் ஆக்சிஜன் 10 லிட்டர் சொச்சம். அதன்மேல் ஐந்தரை லிட்டர் என்பது பாதிக்கு மேல் கூடுதல். ஆனால் இது முழுதாக நுரையீரலுக்குப் போனால்தான். சிலிண்டரிலிருந்து வாயு இடைவிடாமல் வருகிறது. மனிதனோ பாதி நேரம் மூச்சை வெளியேவிட்டுக்கொண்டிருக்கிறான். அந்த நேரத்தில் வரும் ஆக்சிஜன் அப்படியே காற்றில் கலந்து வீணாகும். முதுகு ஒடியச் சுமந்துவந்ததில் பாதி போய்விடும்.

இதைத் தடுக்கவே வால்வு வைத்த முகமூடிகளை இங்கிலாந்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். மலையில் அவை உதவவில்லை. போட்டுக்கொண்டால் மூச்சு முட்டியது. ஃபின்ச் முகாமில் உட்கார்ந்து புதிதாக ஒன்றைச் செய்தார். சிறுவர் விளையாடும் கால்பந்தின் ரப்பர் பிளாடர் (உள்ளே காற்றடைக்கும் பை), T வடிவக் கண்ணாடிக் குழாய், ரப்பர் குழாய் ஆகியவைதான் அதன் உறுப்புகள். குழாயின் முனை வாயில் இருக்கும். மூச்சை விடும்போது அதைப் பல்லால் கடித்து அடைக்க வேண்டும். அப்போது வரும் ஆக்சிஜன் பிளாடரில் சேரும். மூச்சை இழுக்கும்போது பல்லைத் தளர்த்தினால் சேர்ந்ததெல்லாம் உள்ளே போகும். கொஞ்சம் பழகிவிட்டால் நினைக்காமலே நடக்கும். உறைந்து அடைத்துக்கொள்ள வால்வே கிடையாது. மலையேற்றக் கருவிகளின் வரலாற்றில் இவ்வளவு எளிமையாக ஒரு சிக்கலைத் தீர்த்தவர்கள் மிகச் சிலரே என்பது என் கருத்து.

மற்றக் கோளாறுகளும் இருந்தன. திபெத்தின் வறண்ட காற்றில் வாஷர்கள் காய்ந்து சுருங்கின, இணைப்புகள் கசிந்தன. கடுங்குளிரில் ஈயப் பற்று வைத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தவரும் ஃபின்ச்தான்.

மே 21 அன்று மல்லோரி, நார்ட்டன், சோமர்வெல் மூவரும் ஆக்சிஜன் இல்லாமல் 8,225 மீட்டர் வரை போய்த் திரும்பியிருந்தார்கள். ஃபின்ச்சுடன் போவதற்கு அனுபவமுள்ள ஏறுநர்கள் மீதமில்லை. அதனால் ஜெஃப்ரி புரூஸ் என்ற ராணுவ அதிகாரியையும், தேஜ்பீர் புரா என்ற கூர்க்கா வீரரையும் அழைத்துக்கொண்டார். புரூஸ் அதற்கு முன் மலையேறியவரே அல்லர். மே 25 அன்று ஏறக்குறைய 7,770 மீட்டரில் கூடாரம் போட்டார்கள். அன்றிரவே புயல். கூடாரம் பறந்துவிடாமல் மாறிமாறிப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். மறுநாளும் அங்கேயே. மாலையில் சுமைகூலிகள் கீழ் முகாமிலிருந்து சூடான பானத்தை ஃபிளாஸ்க்குகளில் கொண்டுவந்து கொடுத்தார்கள். இவர்களைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். இரண்டாம் இரவில் உடல் விறைக்கத் தொடங்கியபோது, தூங்கும்போதே ஆக்சிஜனைச் சிறிது சிறிதாகச் சுவாசிக்கும்படி ஃபின்ச் ஏற்பாடு செய்தார். கைகால்களில் சூடு திரும்பியது, மூவரும் தூங்கினார்கள். உயர முகாமில் இரவிலும் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் இன்றைய வழக்கத்துக்கு முன்னோடி அந்த இரவுதான்.

மே 27 காலை புறப்பட்டார்கள். சுமார் 7,900 மீட்டரில் தேஜ்பீர் சோர்ந்து விழ, அவரைக் கூடாரத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். மற்ற இருவரும் 8,320 மீட்டர் வரை போனார்கள். அதுவரை மனிதர் யாரும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. அங்கே புரூஸின் கருவியில் கண்ணாடிக் குழாய் உடைந்து ஆக்சிஜன் நின்றுபோனது. ஃபின்ச் தன் குழாயை அவரிடம் கொடுத்து, பிறகு ஒரே கருவியிலிருந்து இருவரும் சுவாசிக்கும்படி இணைத்து, உடைந்த குழாயை மாற்றினார். கருவி சரியாயிற்று, ஆனால் புரூஸால் இனி முடியாது என்பது தெரிந்தது. உச்சி இன்னும் சுமார் 530 மீட்டர் மேலே. புரூஸைத் தனியாக விட்டால் அவர் பிழைக்க மாட்டார் என்று உணர்ந்த ஃபின்ச், அவரை அழைத்துக்கொண்டு உடனே இறங்கினார். புதியவரை அந்த உயரத்திலிருந்து உயிரோடு கொண்டுவந்தது, ஏறியதைவிடப் பெரிய செயல்.

குளிரைத் தாங்க ஃபின்ச் அணிந்த கோட்டும் அவரே திட்டமிட்டது: பலூன் துணிக்குள் வாத்தின் மென்தூவியை அடைத்துத் தைத்தது. மற்றவர்கள் ட்வீட் கோட்டும் கம்பளியும் போட்டிருந்தார்கள். இன்று எவரெஸ்டில் யாரும் தூவி உடை இல்லாமல் போவதில்லை.

அவர் சொன்னதெல்லாம் சரி என்பதில்லை. சிகரெட் பிடித்தால் உயரத்தில் மூச்சு சீராகிறது என்று நம்பி அதற்கொரு விளக்கமும் எழுதினார்; அதைப் பின்பற்ற வேண்டாம். 1924இல் நார்ட்டன் ஆக்சிஜன் இல்லாமலே ஏறக்குறைய 8,570 மீட்டரை எட்டியதும் உண்மை. ஆனால் ஆக்சிஜன் மலையேற்ற நெறிக்கு ஒவ்வாதது என்று எதிர்த்தவர்களிடம் ஃபின்ச் கேட்ட கேள்வி நியாயமானது: கறுப்புக் கண்ணாடியும் ஃபிளாஸ்க்கும் கம்பளியும் ஏற்புடையவை என்றால் இது மட்டும் எப்படிக் குற்றம்? சொற்பொழிவு வருமானம் தொடர்பாகப் பயணக் குழுவுடன் ஏற்பட்ட தகராறும் சேர்ந்துகொள்ள, 1924 பயணத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கருவிகளை நன்கறிந்த ஒருவரை விட்டுவிட்டுப் போனது பெரும் பிழை என்றே சொல்வேன்.

நம் நாட்டோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. 1952 முதல் 1957 வரை புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார். டென்சிங்கும் ஹிலாரியும் ஆக்சிஜனுடன் உச்சியில் நின்றபோது அவர் இந்தியாவில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியை அடைந்த நாளான மே 29க்கு அடுத்த ஆண்டு வெளியிடும் சிறப்புப் பக்கத்தில் 1922 மே 27க்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டுகிறேன். முடிந்தால் அந்தப் பிளாடர் கருவியின் வரைபடத்தையும் போடுங்கள். பள்ளி மாணவர்கள் காற்றழுத்தப் பாடத்தோடு சேர்த்துப் படிக்க உதவும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.