என் துப்பாக்கி மூன்று துண்டு: மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர்களுக்கு வணக்கம்.

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் பேப்பரில் ஒரு பெட்டிச் செய்தி வரும். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர் உடனடியாக அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், தவறினால் சட்டப்படி நடவடிக்கை என்று. கீழே உங்கள் பெயர் இருக்கும். அதைப் படித்ததும் நான் பீரோவைத் திறந்து, அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கும் டபுள் பேரலை, அதாவது இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்து, கழற்றி உறையில் போட்டு, பையன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஸ்டேஷனுக்குப் போவேன். 2019 மக்களவை, அதே வருஷம் டிசம்பரில் ஊரக உள்ளாட்சி, 2021 சட்டமன்றம், 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சி, 2024 மக்களவை. ஐந்து வருஷத்தில் ஐந்து தடவை போயிருக்கிறேன். இதில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்கு எங்கள் ஊரில் ஓட்டே கிடையாது. நாங்கள் காட்டோரத்துக் கிராம ஊராட்சி. ஆனாலும் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது, போனேன்.

நான் மலை அடிவாரத்தில் நான்கு ஏக்கர் வைத்திருப்பவன். கடலை, மக்காச்சோளம், கொஞ்சம் வாழை. காப்புக்காட்டு எல்லையிலிருந்து என் வரப்புக்கு அறுநூறு மீட்டர் இருக்கும். துப்பாக்கி வைத்திருக்கிறேன் என்று சொன்னாலே பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முகம் மாறிவிடுகிறது. முறுக்கு மீசை, ஜீப்பு, நாலு அடியாள் என்று சினிமா வந்து நிற்கிறது அவர் கண்ணில். என்னிடம் இருப்பது ஒரு டி.வி.எஸ். 50, அதுவும் கிக்கர் உடைந்தது.

எங்களுக்கு இந்த உரிமம் கிடைப்பதே பயிர்க் காவலுக்கு. 1959 ஆயுதச் சட்டம் 13-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது: பயிர்க் காவலுக்குக் குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத்துப்பாக்கி, அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வழுவழுக் குழல் துப்பாக்கி. என் அப்பா காலத்தில் எங்கள் வீட்டில் முதலில் இருந்தது அந்த மருந்து கெட்டிக்கிற வகைதான். கருமருந்தைக் கொட்டி, தென்னை நார் அடைத்து, ரவை போட்டு, மறுபடி நார் அடைத்து, இரும்புக் குச்சியால் இடித்து, தீப்பொறி கொடுக்கும் 'கேப்' ஒன்றைப் பொருத்தி... இவ்வளவும் முடிவதற்குள் பன்றிக் கூட்டம் அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போயிருக்கும். மழை நாளில் மருந்து நமுத்துவிடும். அதனால்தான் அவர் அலையாய் அலைந்து பன்னிரண்டு போர் வாங்கினார். லைசென்ஸில் டி.பி.பி.எல். என்று எழுதியிருக்கும், நாங்கள் டபுள் பேரல் என்போம். (ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால் அதில் ஒன்று எந்தக் குழலுக்குள் சரியாக இறங்குமோ அதுதான் பன்னிரண்டு போர். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, தோட்டா விற்ற கடைக்காரர்.)

இதை வைத்து நாங்கள் பன்றியைச் சுடுவதில்லை. சுடக்கூடாது என்பதும் தெரியும். 2025-ல் அரசு போட்ட ஏற்பாட்டின்படி, காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைத் தொடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் என்றால் வனத்துறையே சுடும். பன்றி அதிகம் வருகிற இடம் எது என்று பன்றியைக் கேட்டால் சொல்லும், அந்த முதல் கிலோமீட்டர்தான். சரி, சட்டம் சட்டம்தான். எங்களுக்குத் தேவை சத்தம் மட்டும். பரண் மேல் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்து, தகரத்தைத் தட்டி, பட்டாசைக் கொளுத்திப் போட்டு, எதற்கும் அசையவில்லை என்றால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. போன ஐந்து வருஷத்தில் நான் சுட்டது மொத்தம் முப்பத்தொன்று. வாங்கியது எல்லாம் லைசென்ஸின் பின்பக்கத்தில் பதிந்திருக்கிறது, வெற்றுக் கூடு எல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது, வந்தால் எண்ணிக்கொள்ளலாம்.

என் பையனுக்கு இதெல்லாம் பழைய கதை. அவன் போனில் பம்ப் ஆக்ஷன் துப்பாக்கி (முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது) படமாகக் காட்டுகிறான். நம்ம திருச்சி தொழிற்சாலையிலேயே செய்கிறார்கள் அப்பா, நாலைந்து தோட்டா உள்ளே நிற்கும், கறுப்புப் பிடி, பார்க்கவே கெத்து என்கிறான். அவன் கூட்டாளி ஒருவனுக்குக் கான்பூர் பாயிண்ட் முப்பத்திரண்டு ரிவால்வர் மேல் ஆசை. தோட்டக்காரனுக்கு ரிவால்வர் எதற்கு? இடுப்பில் செருகிக் கல்யாணத்துக்குப் போகத்தான் அது, கல்யாணத்தில் ஆசைக்கு ஒரு வெடி வெடித்தால் 2019 திருத்தத்தின்படி இரண்டு வருஷம் வரை உள்ளே உட்காரலாம். டபுள் பேரலில் எனக்குப் பிடித்ததே அது மறைக்காது என்பதுதான். நடுவில் மடக்கித் திறந்தால் இரண்டு குழலிலும் வெளிச்சம் தெரியும், காலி என்று எதிரே நிற்பவனுக்கும் தெரியும். நான் பரணிலிருந்து இறங்கும்போது மடக்கித் திறந்தபடி தோளில் போட்டுக்கொண்டுதான் இறங்குவேன், வீட்டுக்காரி தூரத்திலிருந்து பார்த்தே காலி என்று தெரிந்துகொள்வாள். பம்ப் ஆக்ஷனில் உள்ளே ஒன்று கிடந்தால் இருட்டில் யாருக்குத் தெரியும்? ஒரு குழலில் தோட்டா வெடிக்காமல் போனாலும் இரண்டாவது விசை இருக்கிறது, அது போதும்.

உண்மையைச் சொன்னால் இந்தப் பத்து வருஷத்தில் எங்கள் காவலை மாற்றியது துப்பாக்கி கிடையாது, நெற்றி டார்ச். இரண்டு கையும் காலியாக இருக்கும், பாம்பும் தெரியும், பன்றியின் கண்ணும் தெரியும். அடுத்து கம்பூட். மூன்றாவதாகத்தான் துப்பாக்கி. பையனுக்கு ஆசைக்கு லைசென்ஸ் தேவைப்படாத பாயிண்ட் ஒன் செவன் செவன் ஏர் ரைபிள் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், தென்னை மட்டையில் பொத்தல் போட்டுக்கொண்டிருக்கிறான்.

பராமரிப்பு தனிக் கதை. அப்பா தேங்காய் எண்ணெய் போடுவார். மார்கழிக் குளிரில் அது உறைந்து, விசை பிசினாக இழுக்கும். நான் தையல் மெஷின் எண்ணெய்க்கு மாறி இருபது வருஷம் ஆகிறது. சுட்ட அன்றைக்கே துணியைக் குச்சியில் சுற்றி இழுத்து, குழலை ஜன்னல் பக்கம் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். நல்ல குழல் கண்ணாடி வளையல் அடுக்கின மாதிரி வட்டம் வட்டமாக மின்னும். ஒரு புள்ளி துரு விழுந்தால் அந்த வட்டம் உடைந்து தெரியும். தோட்டா வாங்கும்போதும் கண் வேண்டும், பழைய துப்பாக்கியில் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் இடம், அறுபத்தைந்து மில்லிமீட்டராக இருந்தால் எழுபது மில்லிமீட்டர் தோட்டா உள்ளே போய்விடும், போகிறதே என்று போட்டுவிடக்கூடாது, வெடித்து விரியும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, மருந்து ஸ்ப்ரேயர், மோட்டார் ஸ்டார்ட்டர், துப்பாக்கி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் சந்தனம், குங்குமம். எங்கள் வீட்டில் அதன் இடம் அந்த வரிசைதான்.

இப்போது 2021-க்கு வருகிறேன். பிப்ரவரி கடைசியில் கொடுத்தேன். மே 2 முடிவு வந்து, கொரோனா அலையில் யாரும் ஸ்டேஷன் பக்கம் போக முடியாமல், ஒரு வழியாக ஜூலையில் போய் வாங்கினேன். டபுள் பேரல் கழற்றினால் மூன்று துண்டாகும்: கட்டையும் விசையும் சேர்ந்த ஒன்று, குழல் இரண்டும் சேர்ந்த ஒன்று, குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கும் சின்ன மரத்துண்டு ஒன்று. அதை ஃபோர்எண்ட் என்பார்கள். ஒரு சாண் நீளம்கூட வராது. அது இல்லாவிட்டால் துப்பாக்கியை மடக்கினால் குழல் கையோடு கழன்றுவிடும். வீட்டுக்கு வந்து பூட்டிப் பார்த்தேன், ஃபோர்எண்ட் உட்காரவில்லை. தட்டினேன், எண்ணெய் விட்டேன், உட்காரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்பக்க இரும்பில் பார்த்தால் வேறு எண். இது யாருடையதோ. என்னுடையது யாரிடமோ.

மறுநாள் போனேன். ஏட்டையா நல்ல மனுஷர், டீ வாங்கிக் கொடுத்தார். "எல்லாம் ஒரே மாதிரிதானேங்க, கொஞ்சம் சீவிப் போட்டா உக்காந்துக்கும்" என்றார். கையால் ராவிப் பொருத்தின சாமான், ஒன்றுக்குப் போடுவது இன்னொன்றுக்குச் சேராது என்று சொன்னேன். அப்படியானால் இதை வைத்துக்கொண்டு என்னுடையதைத் தேடிக் கொடுங்கள் என்றேன். ரெஜிஸ்டரைப் புரட்டினார். என் பெயருக்கு நேரே "துப்பாக்கி - 1" என்று இருந்தது. வாங்கிக்கொண்டதாக என் கையெழுத்தும் இருந்தது. "உங்க கணக்கு முடிஞ்சுதுங்களே. இந்த மரத்துண்ட நான் எந்தப் பேர்ல வரவு வைக்கிறது?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. எங்கள் துப்பாக்கிகள் இருந்த அறையை எட்டிப் பார்த்தேன். சாராயக் கேன், வழக்கில் பிடித்த சைக்கிள், கட்டுக் கட்டாகக் காகிதம், மூலையில் விறகு சாத்தின மாதிரி துப்பாக்கிகள், விசை வளையத்தில் சணல் கட்டி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கூரையில் ஈரம் இறங்கிய கறை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஐம்பது துப்பாக்கியை ஒரே வாரத்தில் கொண்டுவந்து கொட்டினால் அவர் எங்கே வைப்பார்?

கொட்டச் சொன்னது நீங்கள். அதனால்தான் மடலும் உங்களுக்கு.

தேர்தல் ஆணையம் எல்லாத் துப்பாக்கியையும் பறிக்கச் சொல்லவில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆட்சியரும் எஸ்.பி.யும் கொண்ட ஒரு பரிசீலனைக் குழு மாவட்டம்தோறும் உட்கார்ந்து, ஜாமீனில் இருப்பவர், குற்ற வழக்கு உள்ளவர், முன்பு தேர்தல் கலவரத்தில் சிக்கியவர் என்று ஆள் ஆளாகப் பார்த்து, தேவைப்படுபவரிடம் வாங்க வேண்டும். மும்பை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி ஆணையம் இதை எழுதியே கொடுத்திருக்கிறது. அலகாபாத் உயர் நீதிமன்றமும் மொத்தமாக எல்லோரிடமும் வாங்குவது கூடாது என்று சொல்லியிருக்கிறது. வங்கிக் காவலருக்கு விலக்கு உண்டு, போட்டிக்குப் போகும் விளையாட்டு வீரருக்கு விலக்கு உண்டு. என் ஸ்டேஷனில் எனக்கு வந்த போனில் இந்தக் குழு, பரிசீலனை எதுவும் இல்லை. "அண்ணே, கொண்டாந்து போட்டுருங்க" என்பதோடு சரி. என் மீது ஒரு வழக்கு இல்லை, புதுப்பிக்கும்போதெல்லாம் வி.ஏ.ஓ., தாசில்தார், போலீஸ் மூன்று பேரும் பார்த்து எழுதிக் கொடுத்த அறிக்கை உங்கள் ஆபீஸ் கோப்பிலேயே இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

2024-ல் என்ன ஆயிற்று தெரியுமா? மார்ச் 16-ல் அறிவிப்பு. ஏப்ரல் 19-ல் தமிழ்நாடு ஓட்டுப் போட்டு முடித்துவிட்டது. வட நாடெல்லாம் ஏழு கட்டமாகப் போட்டு முடித்து முடிவு வர ஜூன் 4. நாங்கள் ஓட்டுப் போட்டு முடித்த பிறகும் நாற்பத்தாறு நாள், என் துப்பாக்கி யாருடைய ஓட்டுக்காகவோ மூலையில் சாய்ந்து கிடந்தது. தையில் விதைத்த கடலை சித்திரையில் காய் பிடித்து நிற்கிற நேரம் அது. பன்றி மூக்கை விட்டுக் கிளறினால் ஒரு ராத்திரியில் ஒரு வயல் போய்விடும். அந்த வருஷம் எனக்குப் போனது முக்கால் ஏக்கர்.

அப்படிப் போகும்போது ஊரில் சிலர் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடிக்காவிட்டாலும். அவுட்டுக்காய் வைக்கிறார்கள், தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி அது. பன்றிக்கு வைத்ததை மாடு கடித்து வாய் கிழிந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன், இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இன்னும் சிலர் மோட்டார் கம்பத்திலிருந்து கம்பியை இழுத்து வேலியில் கொடுத்துவிடுகிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன, குட்டிகள் இரண்டு தாயைச் சுற்றிச் சுற்றி வந்ததை டிவியில் எல்லோரும் பார்த்தோம். லைசென்ஸ் துப்பாக்கி ஊரில் இருந்தால் இதெல்லாம் நின்றுவிடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எண் போட்டு, பெயர் போட்டு, உங்கள் கணக்கில் இருக்கும் ஒரே கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, கணக்கிலேயே வராத நாட்டுத்துப்பாக்கியையும் அவுட்டுக்காயையும் ஊரில் விட்டுவைப்பது எனக்கு விளங்கவில்லை. உங்கள் பெட்டிச் செய்தியைப் படித்துவிட்டுக் கள்ளத்துப்பாக்கிக்காரன் எவனாவது கொண்டுவந்து கொடுத்திருக்கிறானா?

ஆகவே அடுத்த தேர்தலுக்கு முன்னால் அந்தக் குழுவை உட்காரவையுங்கள். என் கோப்பைப் பார்த்து, இவனிடம் வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் காரணத்தை ஒரு வரி எழுதிக் கொடுங்கள், மறு பேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறேன். வாங்குவதானால் ரசீதில் குழல் எண், கட்டை எண், ஃபோர்எண்ட் எண் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள், கூடவே ஒரு போட்டோ, இப்போது எல்லா ஏட்டையாவிடமும் போன் இருக்கிறது. உறையோடு வைக்க ஒரு இரும்பு அலமாரி, சுவரில் ஈரம் படாத இடம். துப்பாக்கி டீலரிடம் கொடுத்து வைக்கலாமே என்பீர்கள், எங்களுக்குப் பக்கத்து டீலர் எழுபது கிலோமீட்டர், வாடகை வேறு. அப்புறம், முடிவு வந்து ஒரு வாரம் ஆனதும் உடனே திருப்பித் தர வேண்டும் என்பதை ஸ்டேஷனுக்கும் ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள். "எஸ்.பி. ஆபீஸ்லருந்து தகவல் வரல" என்று 2024-ல் என்னை மூன்று நடை நடக்க வைத்தார்கள்.

என் துப்பாக்கிக்குக் கோவையில் ஒரு ஆசாரியிடம் கொடுத்துப் புது ஃபோர்எண்ட் செய்துகொண்டேன். வால்நட் கட்டை கிடைக்கவில்லை, தேக்கில் செய்தார், நிறம் ஒட்டவில்லை, வேலை செய்கிறது. அந்த இன்னொருவருடைய ஃபோர்எண்ட் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. என் லைசென்ஸில் அது இல்லை, அதை நான் வைத்திருக்கலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியாது, நீங்கள் யாராவது சொன்னால் நல்லது. இதைப் படிக்கும் துப்பாக்கிக்காரர் யாருக்காவது 2021-க்குப் பிறகு ஃபோர்எண்ட் உட்காராமல் ஆடிக்கொண்டிருந்தால் உங்கள் உள்பக்க எண்ணைப் பாருங்கள். இங்கே இருப்பதன் கடைசி இரண்டு எண் 47. ஓரத்தில் எலி கொறித்த தடம் ஒன்று இருக்கிறது, அது ஸ்டேஷனில் ஆனதா உங்கள் வீட்டில் ஆனதா என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
காட்டோரத்து லைசென்ஸ்தாரர் ஒருவன்